சிவப்பு விளக்கில் நின்றவன்

வீடியோ கேமில் சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்திய அந்த ஆள் நான்தான். இதை இப்போது தைரியமாகச் சொல்லலாம். கொஞ்ச காலம் முன்பு வரை பெண்டாட்டியிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் திரிந்தேன்.

நான் போலீஸ்காரன். வீடு ராஜபாளையம், வேலை ஸ்ரீவில்லிபுத்தூர். ஸ்டேஷனில் எனக்குக் கோர்ட் டூட்டி. வழக்குக் கட்டுகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது, சாட்சிகளைத் தேடிப் பிடித்து நிறுத்துவது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்டுவந்து ஸ்டேஷனில் சொல்வது, இவ்வளவுதான். எங்கள் அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறான். எங்கள் வீட்டில் காக்கித் துணியை மற்ற துணிகளோடு சேர்த்துக் காயப்போட மாட்டார்கள், அதற்கென்று தனிக்கொடி உண்டு. அந்தக் கொடிக்குக் கீழே யாரும் செருப்பை விட்டால் அப்பா வீட்டை இரண்டாக்கிவிடுவார். நானும் ஏட்டாகிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆசை. எனக்கும்தான். பட்டியலில் என் பேர் வருகிற நேரம் அது. அந்த நேரத்தில் பார்த்துத்தான் எனக்குக் கால் பிசகியது.

ஆடிப்பூரத் தேர் அன்று வடம் பிடித்த கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் அதற்கு அடியில் இருந்தேன். கணுக்கால் வீங்கி, மெடிக்கல் லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. உட்கார்ந்தால் வீட்டில் உள்ள குற்றங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கேஸ் அடுப்பு ஏன் பக்கவாட்டில் இருக்கிறது, குழாய் ஏன் சொட்டுகிறது என்று நான் விசாரணை நடத்தியதில் என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"செத்த நேரம் என் தம்பி கடைக்காவது போயி உக்காருங்க. நானும் மூச்சு விடணும்ல."

மச்சினன் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். கடைக்கு மேலே ஓர் அறை. அதில் பெரிய டிவியும் கேம் பெட்டியும் இருக்கின்றன. டிவிக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, அவன் விளையாடுவதைப் படம் பிடித்து, கூடவே பேசி, இணையத்தில் போடுவான். சொற்பப் பேர் பார்ப்பார்கள். அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள். நான் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தான்.

"சும்மா விளையாடுங்க மச்சான். பொழுது போவும்."

அது ஒரு பெரிய பட்டணம். ஊர் முழுக்கச் சுற்றலாம். எந்த வண்டியை வேண்டுமானாலும் எடுக்கலாம். உள்ளே இருக்கிறவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நான் நடந்தேன்.

"எதுக்கு மச்சான் நடக்கீய?"

"வண்டி நம்மது இல்லையேப்பா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கிண்டல் செய்யவில்லை என்று தெரிந்ததும் குனிந்து ஏதோ பொத்தானை அமுக்கினான். என் குரலைப் பதிவு செய்யத்தான் அமுக்கினான் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். விளையாட்டுக்குள் ஒரு வண்டியை முறையாக வாங்கியும் கொடுத்தான். நான் இடதுபுறம் ஓரமாக ஓட்டினேன். அந்த ஊரில் வலதுபுறம் போக வேண்டுமாம். தெரிந்ததும் மாற்றிக்கொண்டேன். சிவப்பு விளக்கு வந்தது. நிறுத்தினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"பொறுப்பா, எல்லாருக்கும் வழி வரும்" என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் நான் தினமும் சொல்கிற சொல் அது. வாயில் தானாக வரும்.

பிறகு வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஓர் அம்மாவை இடித்துவிட்டேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறங்கிப் பார்த்தேன். தூரத்தில் சைரன் கேட்டது. "ஓடுங்க மச்சான், ஓடுங்க" என்று மச்சினன் கத்தினான். ஓடுவதா? விபத்து நடந்த இடத்தைவிட்டு ஓடுவதைவிடப் பெரிய தப்பு உண்டா? கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். வந்த போலீஸ் துப்பாக்கியை நீட்டி, என்னைத் தரையில் படுக்கப் போட்டு, விலங்கு மாட்டினான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"பேரைக் கேட்டியா? ஊரைக் கேட்டியா? அந்தம்மாவ மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொல்லுய்யா! ஒனக்கு எவன்யா டிரெய்னிங் குடுத்தது?"

மச்சினன் தரையில் விழுந்து சிரித்தான். சரணடைந்தால் ஏதாவது சலுகை உண்டு என்று நினைத்து அன்றைக்கு நான் மறுபடியும் மறுபடியும் போய்ச் சரணடைந்தேன். அந்த விளையாட்டில் அப்படி ஒரு வழியே கிடையாதாம். போலீஸ் வீட்டில் பிறந்தவனைத் தவிர வேறு எவனும் அதில் போய்ச் சரணடைந்திருக்க மாட்டான்.

அதை அவன் இணையத்தில் போட்டான். என் முகம் இல்லை, பேர் இல்லை, குரல் மட்டும்தான். ஒரு வாரத்துக்குள் நான் 'சிக்னல் அண்ணாச்சி' ஆகிவிட்டேன்.

ஆசை யாரை விட்டது? எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கால் குணமாகி வேலைக்குப் போன பிறகும் ஓய்வு நாட்களில் மாடிக்குப் போய்விடுவேன். டீக்கடையில் மாஸ்டர் போனில் என் குரல் ஓடும், நான் ஒன்றும் தெரியாதவன்போல் கிளாஸை வாங்கிக்கொள்வேன். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் கோர்ட் பக்கம் நெரிசலில் நின்றால், உள்ளே இருந்து ஒரு கூட்டமே "பொறுப்பா, எல்லாருக்கும் வழி வரும்" என்று கத்தும். முப்பது வயதுக்குப் பிறகு என்னை யாரும் பாராட்டியதாக நினைவில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது, பார்த்தவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படிப்பேன். "இந்த மனுசன் நெசமாவே நல்லவருய்யா" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பலமுறை படித்தேன்.

அங்கேதான் வினை பிடித்தது. நான் நல்லவன் என்று ஊர் சொன்ன பிறகு, நான் நல்லவனாக விளையாட ஆரம்பித்தேன். முன்பு சிவப்பைப் பார்த்ததும் விரல் தானாகப் பிரேக்குக்குப் போகும். இப்போது நிறுத்துவதற்கு முன்னாலேயே என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். ஒரு தடவை பச்சை விழுந்த பிறகும் நின்றேன். குறுக்கே ஒரு கிழவர் வருகிறார் என்று சாக்கு. கிழவர் நடைபாதையைவிட்டு இறங்கவே இல்லை. அதற்கு இரண்டு மடங்கு கூட்டம் வந்து சிரித்தது. யாரும் பார்க்காவிட்டாலும் நான் நிறுத்துவேனா என்ற சந்தேகம் எனக்கு அன்றைக்கு வந்தது. அந்தச் சந்தேகத்தோடு தூங்குவது நன்றாக இல்லை.

அடுத்த அடி கோர்ட் வாசலில் விழுந்தது. கான்சாபுரத்துக்காரர் ஒருவர், வாய்க்கால் தகராறு வழக்கில் ஜாமீனில் வந்தவர், வாய்தாவுக்காக மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். படியில் முண்டியடித்த சாட்சிகளிடம் நான் வழக்கம்போல், "பொறுப்பா, எல்லாருக்கும் வழி வரும்" என்றேன். அவர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"ஐயா, சிக்னல் அண்ணாச்சி நீங்கதானா?"

சீருடையில் இருக்கிறேன். எதிரே ஸ்டேஷன் ஆட்கள் நிற்கிறார்கள்.

"சத்தம் போடாதேயும்" என்றேன்.

"சத்தியமாச் சொல்ல மாட்டேன் ஐயா. எங்க ஊரு ஆளுகளத் தவிர வேற யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அனுமதி வாங்காமல் இப்படி வீடியோவில் ஆடுகிறவனுக்கு டிபார்ட்மென்ட்டில் என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மெமோ போதும். ஏட்டு பட்டியலில் என் பேருக்கு மேல் கோடு விழும். அப்பா அந்தத் தனிக்கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நானேதான். அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்து ராஜபாளையத்தில் மாடியேறினேன்.

மச்சினன் தலைகால் தெரியாத சந்தோஷத்தில் இருந்தான். என்னைக் கேட்காமல் பார்க்கிறவர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறான். கேள்வி இதுதான்: அண்ணாச்சி ஒரே ஒரு தடவை போலீஸை அடிக்கலாமா, கூடாதா? ஏறக்குறைய எல்லாரும் 'அடிக்கலாம்' என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் நேரலை என்று அறிவிப்பும் கொடுத்துவிட்டான். எம்புட்டுப் பேர் காத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று திரையைக் காட்டினான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டையும் சேர்த்து நிறுத்தினாலும் தேறாது என்று தோன்றிய கூட்டம்.

"ஏலே, நான் யாருன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மச்சான். அவுகளுக்குத் தெரியாதுல்ல. நெசப் போலீசா அது? பொம்மை மச்சான். அடிச்சா எந்திரிச்சி நாளைக்கும் அங்கனயேதான் நிப்பான்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல். பொம்மைதான். இடித்த அந்த அம்மாவும் பொம்மைதான். அவன் இந்த வீடியோவுக்காக எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தவன். கடைக்கு வருகிறவர்கள் இப்போதுதான் அவன் கையைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஒரே ஒரு பொத்தான், ஒரே ஒரு குத்து. அதோடு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று நான் ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன்.

அடிப்பதற்கு ஒரு போலீஸைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு பாலத்தின் முனையில் ஒருவன் தனியாக நின்றான். பக்கத்தில் போனேன். கையை ஓங்குகிற பொத்தானில் விரலை வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவன் கால் மாற்றினான்.

வேறு ஒன்றும் செய்யவில்லை. இந்தக் காலில் இருந்த பாரத்தை அந்தக் காலுக்கு மாற்றி, இடுப்பு பெல்ட்டைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்தான். பந்தோபஸ்தில் நின்றவனுக்குத்தான் அது தெரியும். ஓர் இடத்தில் பாயிண்ட் போட்டு நிறுத்திவிட்டால் மாற்று ஆள் வராமல் நகரக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும், ஒன்றுக்கு வந்தாலும், நகரக் கூடாது. பிளவக்கல் அணைக்கு அமைச்சர் வருகிறார் என்று ஒரு தடவை என்னை ஒரு வளைவில் நிறுத்தினார்கள். அமைச்சர் வேறு வழியாக வந்துபோய், கூட்டம் கலைந்து, வெயில் தாழ்ந்த பிறகும் நான் நின்றேன். மாற்று ஆளை அனுப்ப மறந்துவிட்டார்கள். அன்றைக்கு நானும் இப்படித்தான் கால் மாற்றி நின்றேன். இவனுக்கு மாற்று ஆளே கிடையாது. இந்த விளையாட்டைச் செய்தவன் அப்படி ஒருவனைச் செய்யவே இல்லை.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். அவனுக்குப் பக்கத்தில் போய், அவன் பார்க்கிற பக்கமே பார்த்து நின்றேன்.

"என்ன மச்சான் செய்தீய?" மச்சினன் பல்லைக் கடித்தான்.

"நிக்கேன்."

"அடிங்க."

"நீ வேணா கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாப்பா. நான் இவனுக்குத் தொணையா நிக்கேன்."

கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் சிரித்தார்கள், அடுத்து திட்டினார்கள். என் அம்மாவைக்கூட இழுத்தார்கள். நேற்றுவரை நான் நல்லவன் என்று எழுதியவர்கள்தான். மேல் மூலையில் பார்க்கிறவர்கள் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. விளையாட்டுக்குள் வெயில் தாழ்ந்து பாலத்து விளக்குகள் எரிந்தன. அவன் கால் மாற்றினான், நானும் நின்றேன். யாரும் இல்லாமல் ஆன பிறகு மச்சினன் எழுந்து போய் கேமராவை அணைத்தான். என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை.

அந்த இரண்டு வாரத்துக்குள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்த என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி, "காக்கிக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்று சத்தமாக வேண்டிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று சொல்லவில்லை. பரவாயில்லை, இரண்டும் ஒன்றுதான்.

அறைக்குள் சல்யூட் அடித்து நின்றேன். அவர் போனை மேஜைமேல் வைத்து என் பக்கம் திருப்பினார். பாலமும், பொம்மைப் போலீசும், பக்கத்தில் நானும்.

"யாருய்யா இது?"

"நான்தான் ஐயா."

"மூஞ்சியைக் காட்டலைன்னா தெரியாதுன்னு நெனைச்சியா? தெனமும் எனக்கு 'சரிங்கய்யா' சொல்ற கொரலு. கான்சாபுரத்துக்காரன் ஒருத்தன் விடாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுதான்."

நான் தரையைப் பார்த்தேன். கணுக்கால் மறுபடி வலித்தது. கால் மாற்றி நிற்கக்கூட பயமாக இருந்தது.

"முழுசாப் பார்த்தேன்யா. நீ அடிக்கப் போறன்னு நெனைச்சுத்தான் பார்த்தேன். அடிச்சிருந்தா இன்னைக்கு மெமோவை டைப் அடிச்சு வெச்சிருப்பேன்." அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணு விடாம எடுத்துடணும். நாளைக்கு நான் தேடிப் பார்ப்பேன். இருந்துச்சுன்னா எழுத்துல கேக்க வேண்டி வரும். போ."

வெளியே வந்து கோர்ட் குழாயில் முகத்தைக் கழுவினேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன். போயிற்றா? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வீடியோக்கள் என் கையில் இல்லை. என்னோடு பேசாதவன் கையில் இருக்கின்றன. அவனுக்கு இருக்கிற பேர் முழுக்க அவற்றில்தான் இருக்கிறது. எடுத்துவிட்டால் மறுபடி சொந்தக்காரர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள். நான் அவன் இடத்தில் இருந்தால் எடுப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். ராஜபாளையத்தில் இறங்கி நேரே கடைக்குப் போனேன்.

கடையில் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிமிரவில்லை. நான் நின்றபடியே இன்ஸ்பெக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கெஞ்சவில்லை, கெஞ்சினால் அவன் அக்கா புருஷனாக இருக்க முடியாது என்று ஒரு வீம்பு. ஆனால் குரல் கெஞ்சியது, எனக்கே கேட்டது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான் மாப்ள."

ஸ்க்ரூடிரைவரை வைத்தான். போனை எடுத்தான். வீடியோக்கள் இருந்த பக்கத்தைத் திறந்தான்.

"ஓட்டுக்கு விடுவமா மச்சான்?"

எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அவன் முகத்திலும் அதே நிலைமைதான். பிறகு ஒவ்வொன்றாக அழித்தான். நான் சரணடைந்தது, பச்சையில் நின்றது, கிழவர், எல்லாம் போயின. கடைசியில் பாலம் வந்தது. அதில் மட்டும் கட்டைவிரலை நிறுத்தி, "ஒங்க இன்ஸ்பெக்டரத் தவிர ஒரு பயலும் இத கடைசி வரைக்கும் பாக்கல" என்றான். பாலமும் போயிற்று.

"அக்காட்ட சொல்லிருங்க. வெளக்கேத்தி வேண்டிக்கிட்டே கெடக்கும்" என்று சொல்லிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டான்.

நான் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். போன் வாங்க வந்த ஒருவர் ஒதுங்கிப் போனார்.

இப்போதும் ஓய்வு நாளில் மாடிக்குப் போகிறேன். பதிவு கிடையாது. அவன் கீழே வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான், மேலே நான் மட்டும்தான். ஏட்டு பட்டியல் வந்தது, அதில் பேரும் இருந்தது. அப்பா புதுச் சட்டையைத் தானே துவைத்துத் தனிக்கொடியில் போட்டார். அதைவிட எனக்கு நிம்மதியாக இருந்தது வேறொன்று. அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

அழித்த பிறகு முதல் தடவை மாடிக்குப் போன நாள் அது. அந்தப் பட்டணத்தில் என் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊருக்கு வெளியே ஒரு நாற்சந்தி. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை, நடக்கிற ஆள்கூட இல்லை. கேமரா அணைந்து கிடந்தது. விளக்கு சிவப்பாக இருந்தது.

ஒன்றும் யோசிக்கவில்லை. விரல் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. நின்றேன்.